மேட்டைச் சுற்றியதற்குப் போலீஸ் வந்த கதை

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்த ஐந்தாவதிலும் பாதி நாள் எனக்கு அம்மை, மீதி நாள் வாத்தியாருக்குக் கல்யாண வேலை. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே ஜாடையில் பிறந்த பிள்ளைகள் மாதிரி. பெயர் மாற்றித்தான் கூப்பிடுவேன். மறதியும் உண்டு. ஒன்றைச் சொல்லிக்கொண்டே வருவேன், நடுவில் விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுதிவிடுவேன். சம்பந்தமில்லாமல் எங்கேயாவது சட்னி வந்தால், அந்த இடத்தில் எனக்கு மறந்துவிட்டது என்று நீங்களே புரிந்துகொள்ளவும்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். இதையெல்லாம் எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் பச்சையம்மா, 'எங்க அண்ணிய ஜெர்மனியில போலீஸ் பிடிச்சிட்டாங்க' என்று பௌர்ணமிக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் டீயோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். வேங்கிக்காலில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டம்மா போன் செய்து, "ரோஜாப்பூ திருடினியாமே?" என்று கேட்கிறார். இன்னொருவர், நான் மலை உச்சியில் தீபம் ஏற்றப் போய் மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டாராம். அதனால் நடந்தது இதுதான் என்று நானே எழுதிவிடுகிறேன்.

1

என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு மகள் உஷா என்னை இங்கே அழைத்துவந்துவிட்டாள். ஊர்ப் பெயரை எழுதலாம் என்று பார்த்தேன். அதில் நம் எழுத்தில் இல்லாத சத்தம் இரண்டு இருக்கிறது. ஆகையால் ஊர் என்றே எழுதுகிறேன்.

உஷாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மருமகன் வாரம் முழுவதும் வேறு ஊரில் இருந்துவிட்டு சனிக்கிழமை வருவார். பேத்தி அனிகாவுக்குத் தமிழ் வரும், கோபம் வந்தால் மட்டும் வராது, அப்போது ஜெர்மன்தான். அதனால் அவள் என்னைத் திட்டுகிறாளா, பாடம் சொல்லிப் பார்க்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த ஊரில் நான் எங்கேயும் போவதில்லை. என்னைக் கொண்டுபோவார்கள். கடைக்குக் கொண்டுபோவார்கள், பல் டாக்டரிடம் கொண்டுபோவார்கள், ஏதோ ஆபீசுக்குக் கொண்டுபோய் விரல் ரேகை எடுப்பார்கள். அந்த ஆபீசில் என் பெயர் எது, அப்பா பெயர் எது என்று குழம்பி, இப்போது இந்த நாட்டில் எனக்கு அப்பா பெயர்தான். "திருமதி சின்னராசு" என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போகவேண்டும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் வெட்கத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்களைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். ஊர் முழுக்கத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். ரோஜாவுக்கென்று ஒரு தோட்டம். செடி கொள்ளாமல் பூ. பார்க்க வருகிற பெண்கள் தலையிலோ ஒரு பூ கிடையாது. ஒருத்தியும் கையை நீட்டுவதில்லை. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பூவுக்கு நன்றி சொன்ன மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அதற்குள் நடப்பேன். என் கையை எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரர் தோட்டம் என்று இன்னொன்று. அதில் பொடிக்கல்லைப் பரப்பி, சீப்பால் வாரிய மாதிரி கோடு கோடாக இழுத்துவிட்டிருந்தது. சுற்றிலும் ஜனங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வாசல் பெருக்கிவிட்டுக் கோலம் போட வரவில்லை, அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நானும் உட்கார்ந்தேன். ரொம்ப நேரமாகியும் ஒருவரும் கோலமாவோடு வரவில்லை.

"யாருடி வந்து போடுவாங்க?" என்று உஷாவிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"இதான்ம்மா அது. போட்டாச்சு."

எனக்கு ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி வைக்கக் கை துறுதுறுவென்றது. வைக்கவில்லை. இதையும் பச்சையம்மாவிடம் யாரும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

2

மூன்றாவது தோட்டம்தான் விஷயம். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டைத் தாண்ட வேண்டாம், நடைபாதையிலேயே போய்விடலாம். நடுவில் ஒரு மேடு இருக்கிறது. மலை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பீர்கள். மேடு என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். அந்த உயரம். மரம் அடர்ந்திருக்கும். அடிவாரத்தைச் சுற்றி நல்ல பாதை.

அதைப் பார்த்ததும் என் கால் தானாக இடதுபக்கம் திரும்பிவிட்டது. மலையை வலது கைப் பக்கம் வைத்துச் சுற்றிப் பழகிய கால் வேறு என்ன செய்யும்? கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி நானும் பச்சையம்மாவும் சுற்றியிருக்கிறோம். இங்கே வருவதற்கு முன்னால் இதை நினைத்துத்தான் அழுதேன். "அட போ அண்ணி, அங்க மேடே இல்லாமலா ஊரு கட்டியிருப்பான்? அண்ணாமலையார நெனச்சிக்கினு எதையாவது சுத்து" என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

உஷாவிடம் நடக்கப் போகிறேன் என்று சொன்னேன். ஆரோக்கியத்துக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பௌர்ணமி எப்போது பிறக்கிறது என்று பச்சையம்மா போனில் சொல்லுவாள். அதை இந்த ஊர் நேரத்துக்கு அனிகா மாற்றித் தருவாள். பகலில்தான் போவேன்.

மற்றதற்கெல்லாம் என்னைக் கொண்டுபோவார்கள் என்றேன் அல்லவா? இது ஒன்றுக்குத்தான் நானே சேலையைச் சரிசெய்து, நானே சாவியை எடுத்து, நானே கதவைச் சாத்திக்கொண்டு போவேன். திரும்பி வந்து அதே சாவியால் திறக்கும்போது, இந்த நாட்டுக்கு நானும் ஒரு ஆளாக வந்திருக்கிறேன் என்று தோன்றும்.

எட்டு லிங்கம் இல்லாமல் கிரிவலமா? அதற்கும் வழி செய்துகொண்டேன். பாதை ஆரம்பத்தில் ஒரு பெரிய மரம், அது இந்திர லிங்கம். அதைத் தாண்டினால் நெருப்பில் கறி வாட்டி விற்கிற வண்டி நிற்கும், அக்னி லிங்கம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கும்பிடுவேன். யாரோ இறந்துபோனவர் நினைவாகப் பெயர் பொறித்த பெஞ்சு, எம லிங்கம். நிருதிக்கு ஒன்றும் அமையவில்லை, ஒரு குப்பைத்தொட்டியைத்தான் வைத்திருக்கிறேன், சாமி மன்னிக்கவேண்டும். தண்ணீர்க்குழாய், வருண லிங்கம். முந்தானை பறக்கிற ஒரு மூலை, வாயு லிங்கம். காசு போட்டால்தான் கதவு திறக்கும் ஒரு கக்கூஸ் இருக்கிறது, அது குபேர லிங்கம். கடைசியில் பின்பக்கக் கேட்டு, ஈசானியம்.

ஒரே ஒரு தொந்தரவு. கிரிவலத்தில் மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் நடப்பார்கள், நாம் அவர்களுக்கு இடம்விட்டு இடது ஓரமாக நடக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டிலோ எல்லாரும் வலது ஓரமாகப் போவார்கள். ஆகையால் எதிரே வருகிற சைக்கிள், ஓடுகிறவர்கள், நாய், தள்ளுவண்டிக் குழந்தை எல்லாம் நேராக என் மேல்தான் வரும். நானும் நகரமாட்டேன், அவர்களும் நகரமாட்டார்கள். கடைசியில் அவர்கள்தான் வளைந்து சித்தர்கள் பக்கமாகப் போவார்கள். எத்தனை சித்தர் மேல் சைக்கிள் ஏறியதோ.

3

இனி போலீஸ்.

அன்றைக்குப் பங்குனிப் பௌர்ணமி. பங்குனி என்றால் வெயில் என்று நம் உடம்பு நினைக்கிறது. இங்கே தரை, ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. இருந்தாலும் பங்குனிக்கு என்று செருப்பைக் கழற்றி, கேட்டில் அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஜோடியாக விட்டேன். நம் ஊரில் கோபுரத்துக்கு வெளியே விட்டுவிட்டுப் போவதில்லையா? தொலைந்தால் தொலைந்தது, பாவம் போச்சு என்று. இங்கே தொலையாது. அதுதான் வினையாகிவிட்டது. பேசாமல் சுற்றி முடிப்பது என்று மௌனமும் எடுத்துக்கொண்டேன்.

எம லிங்கத்தைத் தாண்டும்போது பின்னால் காலடி கேட்டது. திரும்பினால் ஒரு அம்மா, கையில் என் செருப்பு. இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் காவி நிறத்தில் சட்டை போட்டிருப்பார்கள். வந்த புதிதில், இவ்வளவு சாமியார்கள் சேர்ந்து புல் வெட்டுகிறார்களே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். நான் மனதில் அவரைக் காவியம்மா என்று வைத்துக்கொண்டேன்.

"ஆலெஸ் கூட்?" என்றார் காவியம்மா. எல்லாம் நலமா என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும்.

மௌனத்தில் இருக்கிறவள் எப்படிப் பதில் சொல்வேன்? சிரித்தேன். மேட்டைக் காட்டினேன். சுற்றுகிறேன் என்று சொல்வதற்காக விரலை முகத்துக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன். காவியம்மா முகம் மாறிவிட்டது. மூளை சரியில்லை என்பதற்கு இந்த ஊரில் அதுதான் ஜாடையாம். அனிகா பிறகு சொன்னாள்.

அவர் ஏதோ கேட்டார். நான் உதட்டில் விரலை வைத்தேன். உடனே அவரும் ரகசியக் குரலுக்கு மாறிவிட்டார்! நாலு பக்கமும் பார்த்துவிட்டு, யார் துரத்துகிறார்கள் என்பது போல என் காதோரமாகக் கேட்டார். நடுவில் நின்றால் கிரிவலம் கெட்டுப்போகும் என்று நான் நடக்க ஆரம்பித்தேன். அவர் என் செருப்பை இரண்டு கையிலும் பிடித்தபடி பின்னாலேயே வந்தார். உற்சவத்தில் சாமிக்குப் பின்னால் பாதுகை ஏந்தி வருவார்களே, அதே மரியாதை. எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகிவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை.

வருண லிங்கத்தில் நான் குழாய்த் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டபோது அவர் போனை எடுத்தார். வாயு லிங்கத்துக்கு வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் நல்ல வளர்ந்த பிள்ளைகள். என்னை நிறுத்தவில்லை, ஆளுக்கொரு பக்கமாகக் கூடவே நடந்தார்கள். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாத்தா, என்ன விசேஷம் என்று பார்க்க அவரும் சேர்ந்துகொண்டார். முன்னால் நான், இரு பக்கமும் போலீஸ், பின்னால் செருப்போடு காவியம்மா, அதற்குப் பின்னால் நாய். அண்ணாமலையார் புறப்பாடு தவிர வேறு எதற்கும் இப்படி ஒரு பந்தோபஸ்து நான் பார்த்ததில்லை.

குபேர லிங்கத்தில் நான் கக்கூஸைப் பார்த்துக் கும்பிட்டேன். போலீஸ்காரப் பிள்ளை, பாவம், பையைத் துழாவிக் காசு எடுத்து நீட்டினான். அவசரம் என்று நினைத்துவிட்டான்.

ஈசானியத்தில் சுற்று முடிந்ததும் நான் அவர்களைத் திரும்பிப் பார்த்து, கை குவித்து, "வணக்கம்" என்றேன். நாலு பேரும் பெருமூச்சு விட்டார்கள். நாயும்கூட உட்கார்ந்தது. போலீஸ்காரப் பெண் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, தங்க நிறத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்து என் தோளில் போர்த்தினாள். ஜரிகைத்தாள் மாதிரி சரசரவென்று சத்தம். குளிரில் நடுங்குகிறவர்களுக்குப் போடுவதாம். பச்சையம்மாவிடம் நான் சொன்னது, "பொன்னாடை போர்த்தினாங்க" என்றுதான். அவள் அதை எப்படிக் கைதாக்கினாள் என்று தெரியவில்லை.

4

சாவிக்கொத்தில் உஷா மாட்டிவிட்டிருந்த சீட்டில் நம்பரைப் பார்த்துப் போலீஸ் போன் செய்ய, அவள் ஆபீசிலிருந்து ஓடிவந்தாள். தலைமுடி கலைந்து, கழுத்தில் ஆபீஸ் அட்டை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. போலீசிடம் ஜெர்மனில் கும்பிடாத குறையாகப் பேசினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? உஷாவோட அம்மா, இங்கதான் வீடுன்னு?"

"மௌனம்டி."

"மௌனமாம்! அவங்க இன்னா நெனச்சாங்க தெரியுமா? வயசானவங்க, வழி மறந்துட்டு ஒரே எடத்த சுத்திச் சுத்தி வராங்கன்னு. செருப்பு எங்க விட்டோம்னுகூட தெரியலன்னு."

"சுத்தறதுதாண்டி அது. வழி மறந்தா நேரா இல்ல போயிருப்பேன்?"

உஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ தொலைஞ்சிட்டன்னு போலீஸ் போன் பண்ணா எனக்கு எப்படி இருக்கும்? அப்பாவுக்கு ஆனப்பவும் இப்படித்தான் ஆபீஸ்ல இருந்தேன், போன்தான் வந்துச்சு. இனிமே நீ தனியா வெளிய போகவேணாம். அவ்ளோதான்."

சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு என் கூச்சம்தான் முந்திக்கொண்டது. ஐயோ, அந்த ஒரு கதவுதானே என்று உள்ளே மட்டும் சொன்னேன்.

மறுவாரம் என்னை ஞாபக டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அனிகா மொழிபெயர்த்தாள்.

"ஆயா, இன்னைக்கு என்ன நாள்னு கேக்கறாங்க."

"சஷ்டி."

"தேதி ஆயா, தேதி!"

"பங்குனி முடியப்போவுது."

"அவங்க எழுதிக்கிறாங்க ஆயா, ஒழுங்கா சொல்லு."

"சஷ்டி இல்லன்னு அவங்களை நிரூபிக்கச் சொல்லு."

அதற்கு அனிகா ஜெர்மனில் என்ன சொன்னாளோ, டாக்டரம்மா சிரித்துவிட்டார். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். மூன்று பொருளைச் சொல்லி, கொஞ்சநேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், சொன்னேன். ஆயாவுக்கு மறதியெல்லாம் வயதுக்கு ஏற்ற மாதிரிதான், ஆனால் கொஞ்சம் பிடிவாதம் இருக்கிறது, அதற்கு மருந்தில்லை என்று சொன்னதாக அனிகா சொன்னாள். பின்பாதி அவளே சேர்த்தது என்று நினைக்கிறேன்.

உஷாவுக்கு அது போதவில்லை. "மறதி இல்ல சரி. பேசாம இருந்தா திரும்பவும் போலீஸ்தானே வரும்?" என்றாள். நியாயம்தான்.

பச்சையம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"நம்ம வீட்டு மாடியில ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா அண்ணி? பேசாது, செருப்பு போடாது, நாள் பூரா மலையப் பாத்து உக்காந்துக்கினு இருக்கும். அது ஜெர்மனிதானே?"

"ஆமாம்."

"நாம போலீசையா கூப்ட்டோம்? இட்லியும் தேங்கா சட்னியும்தானே குடுத்தோம்? அவங்க இங்க வந்து கம்முனு இருந்தா சாமி. நீ அங்க போய் கம்முனு இருந்தா கேசு! அது கழுத்துல 'மௌனம்'னு ஒரு அட்ட தொங்கும் பாரு, அது மாதிரி மாட்டிக்கினு போ."

அட்டை விஷயத்தை உஷாவிடம் சொன்னேன். "வேணாம்மா. பிச்சை எடுக்கறாங்கன்னு காசு போடுவாங்க" என்றாள்.

அந்த நாட்களில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அனிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆயா, அது உண்மையான மலையே இல்ல, தெரியுமா?" என்றாள். அந்தக் காலத்துச் சண்டையில் குண்டு விழுந்து ஊர் முழுக்க வீடு இடிந்துபோனதாம். இடிந்த செங்கல்லையும் சுவரையும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஒரே இடத்தில் குவித்தார்களாம். பெண்கள்கூடக் கைமாற்றிக் கைமாற்றி எடுத்துக் கொடுத்தார்களாம். அதன் மேல் மண் போட்டு மரம் வைத்ததுதான் அந்த மேடு. பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னாள்.

அப்படியானால் அதற்குள்ளே எத்தனை வீட்டு அடுப்படி இருக்கும்! நம் மலை, நெருப்பு குளிர்ந்து மலையானது என்பார்கள். இது, வீடு விழுந்து மலையாயிருக்கிறது. இவ்வளவு நாள் நான் அதையா சுற்றினேன் என்று முதலில் கூசியது. பிறகு, அதைச் சுற்றாமல் வேறு எதைச் சுற்றுவது என்று தோன்றியது.

5

சித்திரைப் பௌர்ணமி வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, காப்பிகூடக் குடிக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உஷா என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள், வந்தாள், திரும்பவும் போனாள்.

"சரி, எழுந்திரு. இன்னைக்கு லீவு சொல்லிட்டேன். நானும் வரேன்."

"நீயா?"

"ஆனா மூணு கண்டிஷன். செருப்பு போட்டுக்கணும். எல்லாரும் போற பக்கமாப் போகணும். மௌனம் கிடையாது, பேசிக்கினே வரணும். நீ பேசறது அந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் கேக்கணும். ஒழுங்கா நடந்துச்சுனா அப்புறம் தனியாப் போறதப் பத்தி யோசிக்கலாம். இல்லன்னா இதோட விட்டுடணும்."

கேட்டேன், ஒத்துக்கொண்டேன். வேறு வழி? சித்தர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வலது ஓரமாக நடந்தேன். உஷா நடப்பதற்கென்றே புது ஷூ வாங்கியிருந்தாள்.

பேசு என்றால் எனக்கு என்ன பேசத் தெரியும்? மனதில் இருப்பதுதான் வரும். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்தேன்.

"தலைக்கு எண்ண வெச்சு எத்தினி நாளாச்சுடி? முடி கம்மியாயிடுச்சு."

"ம்."

"வேல ஜாஸ்தி, சாப்பாடு கம்மி. உன் கழுத்தெலும்புல ஒரு ஆழாக்கு தண்ணி ஊத்தி வெக்கலாம்."

"ம்மா, வேற எதுனா பேசேன்."

வேறு எதாவது என்றால்? கிரிவலத்தில் கிரிவலத்தைப் பற்றித்தான் வரும். "நீ ஏழாவது படிக்கறப்போ உன்ன கிரிவலம் கூட்டிட்டுப் போனோமே! முழுசா சுத்தறேன்னு சபதம் பண்ணிட்டு, வாயு லிங்கம் வர்றதுக்குள்ள கால் வலிக்குதுன்னு ஆட்டோ ஏறிட்டியே! உங்க அத்த இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

நான் ஆசையாகத்தான் சொன்னேன். உஷா சட்டென்று நின்றுவிட்டாள்.

"எத்தினி வருஷம்மா இதையே சொல்லுவீங்க? படிச்சேன், வேலைக்கு வந்தேன், வீடு வாங்கினேன், உன்னக் கூட்டியாந்து வெச்சிருக்கேன். உங்க எல்லாருக்கும் நான் ஆட்டோ ஏறினவதான். இல்ல?"

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. விறுவிறுவென்று எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். கோபத்தில் பார்க்கவில்லை, இடது ஓரமாகவே போனாள். நான் பின்னாலேயே, கண்டிஷன்படி பேசிக்கொண்டே போனேன். "உஷா, மெதுவாப் போடி, புது ஷூ கடிக்கும்" என்றேன். கடித்துவிட்டிருந்தது. எம லிங்கத்தில் நின்று, இரண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். குதிகால் தோல் உரிந்து சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, வலியாலா கோபத்தாலா தெரியவில்லை. இப்போதாவது திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரன் மணியடித்தான். என் மகள் நகரவில்லை. அவன்தான் வளைந்து போனான்.

வாயு லிங்கத்து மூலையில் காவியம்மா இலை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் காலைத்தான் முதலில் பார்த்தார். செருப்பு இருந்தது, திருப்தி. பிறகு உஷாவைப் பார்த்தார். வெறுங்கால், கலைந்த முடி, கண்ணில் தண்ணீர், கையில் ஷூ. வாரியைச் சாய்த்துவிட்டு ஓடிவந்து குறுக்கே நின்றார். போன மாதம் வந்தவள் இவள் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது.

"ஆலெஸ் கூட்?" என்று உஷாவைக் கேட்டார்.

உஷாவுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காவியம்மாவின் கை சட்டைப் பையில் போனைத் தேடியது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. முன்னால் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பாஷையில் வெளியாள் ஒருவரிடம் நான் பேசியதே கிடையாது. அனிகா படிக்கும்போது பக்கத்திலிருந்து காதில் விழுந்ததை வைத்து, "ஆலெஸ் கூட். மைனே டொக்டர். ஆலெஸ் கூட்" என்றேன். எல்லாம் நலம், இவள் என் மகள், எல்லாம் நலம். டாக்டர் என்று ஒலித்தாலும் அவர்கள் பாஷையில் அது மகள்தான்.

காவியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நிதானமாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்குத் தலையாட்டினேன். உஷாவைப் பார்த்தேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஐயோ, அழுதுவிட்டாள் என்று பயந்தேன். சிரிக்கிறாள்! சத்தம் வராமல், ஷூவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

அப்படியே மீதிப் பாதையையும் நடந்தாள். குபேர லிங்கத்தை நான் கும்பிட்டபோது திரும்பவும் தோள் குலுங்கியது. அப்போதும் பேசவில்லை. ஈசானியக் கேட்டுக்கு வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தம்மா உன்கிட்ட இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'நீங்க கூட வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. இவங்கள மட்டும் தனியா வெளிய அனுப்பாதீங்க'ன்னு சொல்லிச்சு."

"உன்னயா?"

"என்னத்தான்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு வாத்து பறந்துபோனது. பிறகு உஷா பையைத் திறந்து, வீட்டுச் சாவியை எடுத்து என் மடியில் போட்டாள். "அடுத்த பௌர்ணமிக்கு எனக்கு லீவு கிடையாது. நீ போய்க்கோ. போனை எடுத்துக்கினு போ. காலுக்கு எதுனா போட்டுக்கோ" என்றாள். மௌனத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். கோபித்துக்கொண்டு பேசாமல் சுற்றினால் அது மௌனக் கிரிவலத்தில் சேருமா? நடுவில் சத்தம் வராமல் சிரித்தால் கெட்டுவிடுமா? இதைப் படிக்கிறவர்கள் யாராவது கோயில் பக்கம் போனால், விவரம் தெரிந்த குருக்கள் ஒருவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். பச்சையம்மாவை அனுப்ப வேண்டாம், அவள் போனால் வேறு ஏதாவது ஆகிவிடும். கேட்கும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்லவேண்டும். வழி முழுக்கப் பேசியதும், கடைசியில் ஜெர்மன் பேசியதும் நான்தான், அது என் கணக்கு. கோபம் வந்ததிலிருந்து ஈசானியம் வரைக்கும் என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவும் ஏறவில்லை.